நினைவாக ஒரு கல்வி உதவித்தொகை: பிறருக்குத் தோள் கொடுக்கும் மாணவருக்குக் கைகொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் தேர்வுக் குழுவின் முதல் ஆண்டு. மேசைமேல் 31 விண்ணப்பங்கள். அதில் ஒன்றை, படித்த இரண்டாவது நிமிடமே வேண்டாம் என்ற அடுக்கில் வைத்துவிட்டோம். 'நீங்கள் செய்த சமூக சேவைகள்' என்ற கட்டத்தில் அந்த மாணவி 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தார். பிறருக்கு உதவுகிறவர்களுக்கான உதவித்தொகைதானே, உதவியே செய்யாதவரை எப்படி எடுப்பது என்று நினைத்தோம்.

வேறு ஏதோ சரிபார்க்க அந்தத் தாளை மறுபடி எடுத்தபோதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. வருகைப் பதிவு ஏன் குறைந்தது என்று பென்சிலில் விளக்கியிருந்தார். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போய், 4 மணி நேரம் கூடவே இருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது இந்தப் பெண். ஒன்றரை வருடமாக இது நடக்கிறது. அதை அவர் சேவை என்றே நினைக்கவில்லை. வகுப்புக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருந்தார்.

அன்று தப்பு செய்தது எங்கள் படிவம். சான்றிதழ், பதக்கம், முகாம் புகைப்படம் வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற மாதிரி அதைத் தயாரித்திருந்தோம். கையில் காசில்லாத மாணவர் செய்யும் உதவி பெரும்பாலும் சான்றிதழ் கிடைக்காத இடத்தில்தான் நடக்கிறது. அதனால் இப்படி ஒரு உதவித்தொகையைத் தொடங்க நினைப்பவருக்கு உள்ள பெரிய வேலை, அந்த உதவி கண்ணில் படும்படி எல்லாவற்றையும் அமைப்பதுதான். பணம் திரட்டுவதுகூட அதற்கு அடுத்ததுதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: மறைந்தவரை ஒரே வரியில் எழுதுங்கள்

துக்கம் ஆறாத நாட்களில் குடும்பமும் நண்பர்களும் கூடி 'அவர் பேரில் ஏதாவது செய்ய வேண்டும்' என்று சொல்வது இயல்பு. அந்த வேகம் நல்லது, ஆனால் அந்த வாரத்திலேயே விதிகளை எழுதாதீர்கள். இரண்டு மூன்று மாதம் போகட்டும். அப்புறம் அவரோடு பழகிய ஐந்தாறு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: 'அவர் உங்களுக்கோ, உங்கள் கண்முன் வேறு யாருக்கோ செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.' 'நல்ல மனிதர்', 'தங்கமான குணம்' என்று தொடங்குவார்கள். அதோடு விட்டுவிடாமல், என்ன செய்தார் என்று மறுபடி கேளுங்கள்.

ஒருவர் இரவு வேலை முடிந்ததும் யாரையாவது வீடுவரை கொண்டுபோய் விட்டுவருவார். ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். ஒருவர் பாடம் புரியாதவனுக்குப் பத்தாவது முறையும் முகம் சுளிக்காமல் சொல்லித்தருவார். இப்படி வந்த பதில்களை வைத்து ஒரு வரி எழுதுங்கள். 'தனக்கே நேரம் இல்லாதபோதும் பிறருக்கு நேரம் கொடுத்தவர்' என்பதுபோல. பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும், யாரைத் தேர்ந்தெடுப்பது, விதியைத் தளர்த்தலாமா என்பது போன்ற கேள்விகளுக்கெல்லாம், அந்த வரியிடம்தான் போய் நிற்கப் போகிறீர்கள்.

பெயரைப் பயன்படுத்த நெருங்கிய குடும்பத்தினர் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புகளில் பாதியை இந்த ஒரு தாள் தடுத்துவிடும்.

படி 2: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

உதவித்தொகைக்குப் பணம் மூன்று விதமாக வரலாம். குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்து முடிப்பது ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் நண்பர்களிடம் திரட்டிக் கொடுப்பது இன்னொன்று. ஒரு மூலதனத்தைப் போட்டு அதன் வருவாயிலிருந்து கொடுப்பது மூன்றாவது.

மூலதனம் என்றதும் 'காலாகாலத்துக்கும் பெயர் நிற்கும்' என்ற ஆசை வரும். கணக்கையும் பாருங்கள். இப்படிப்பட்ட நிதிகள் ஆண்டுக்கு மூலதனத்தில் 4 முதல் 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவழிப்பதைத்தான் பொதுவாக வழக்கமாக வைத்திருக்கின்றன. மீதி வருவாய் விலைவாசியை ஈடுகட்ட உள்ளேயே இருக்க வேண்டும். 4 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 1,000 கொடுக்க 25,000 வேண்டும், எந்த நாணயமாக இருந்தாலும் சரி. கொடுக்க நினைக்கும் தொகையைப்போல 25 மடங்கு. முழு வட்டியையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் இடத்தில் சுமார் 14 ஆண்டுகளில் அந்த உதவித்தொகையின் மதிப்பு பாதியாகிவிடும். அப்போது கல்லில் பெயர் இருக்கும், கட்டணம் கட்டப் பணம் போதாது.

என் கருத்து இது: அந்த 25 மடங்கு கையில் இல்லையென்றால் பத்தாண்டுத் திட்டமாகத் தொடங்குங்கள். பத்து மாணவர்கள் படித்து முடிப்பது சின்ன விஷயம் இல்லை. என்றென்றைக்கும் என்று தொடங்கி, வருடத்துக்கு ஒரு பாடப்புத்தகம் வாங்கப் போதாத தொகையைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்ற ஊரில் ஒசியோலா மெக்கார்ட்டி என்ற அம்மையார் இருந்தார். 1908-இல் பிறந்தவர். ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, நோயில் விழுந்த சித்தியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டார். அதன்பின் திரும்பிப் போகவே இல்லை. வாழ்நாள் முழுவதும் ஊரார் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுப் பிழைத்தார். 1995-இல், 87 வயதில், தன் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலரைத் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு, வசதியில்லாத மாணவர்களுக்கென்று எழுதிவைத்தார். பணத்தைப் பங்கிடும்போது வங்கி அதிகாரி பத்துப் பைசா நாணயம்போன்ற பத்துச் சில்லறைக் காசுகளை மேசையில் வைத்தார். ஒரு காசு பத்தில் ஒரு பங்கு. ஒன்றைத் தேவாலயத்துக்கு நகர்த்தினார், மூன்றை உறவினர் மூவருக்கு, மீதி ஆறையும் பல்கலைக்கழகத்துக்கு. அதைப் பார்த்து மற்றவர்களும் அந்த நிதியில் பணம் சேர்த்தார்கள்.

நான் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்தியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி உங்கள் படிவத்தை நிரப்பினால் 'சமூக சேவை' கட்டத்தில் என்ன எழுதியிருப்பாள்?

படி 3: யார் வழியாக நடத்துவது

சொந்தமாக அறக்கட்டளை பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை, வரிக் கணக்கு, நிர்வாகக் கூட்டம் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். தொகை சிறியது என்றால், ஏற்கெனவே நடந்துவரும் ஒரு கல்வி நிறுவனத்திலோ பொது அறக்கட்டளையிலோ தனி நிதியாகத் தொடங்குவது நல்லது. அப்படிச் சேரும்போது எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: நிதிக்குத் தனிக் கணக்கு, நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், தேர்வுக் குழுவில் உங்களுக்கு எத்தனை இடம், அந்த நிறுவனமே மூடப்பட்டால் பணம் எங்கே போகும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாணவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நன்கொடையாளர் தாமே கைகாட்டினால் அது தனிப்பட்ட அன்பளிப்பாகத்தான் கருதப்படும், அறக்கொடையாகாது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் அதற்கு வரிச்சலுகை கிடைக்காது. மறைந்தவரின் உறவினரும் குழு உறுப்பினர்களின் பிள்ளைகளும் விண்ணப்பிக்க முடியாது என்று முதல் நாளே எழுதிவையுங்கள். பிற்பாடு சொன்னால் யாரோ ஒருவரைக் குறிவைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து ஒரு உதவித்தொகை வந்தால், சில கல்லூரிகள் தாங்கள் கொடுத்துவந்த உதவியை அதே அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. மாணவருக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது, மிச்சம் கல்லூரிக்குத்தான். அமெரிக்காவில் இதை எதிர்த்து 2017-இல் மேரிலாந்து மாநிலம் முதல் ஆளாகத் தன் அரசுக் கல்லூரிகளில் தடை கொண்டுவந்தது. உங்கள் இடத்தில் எப்படி என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பணம் அனுப்புமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்: 'இது வந்தால் மாணவருக்கு வேறெதுவும் குறையுமா?' குறையும் என்றால், கட்டணத்துக்குப் பதிலாகத் தங்குமிடம், போக்குவரத்து, கணினி போன்ற செலவுகளுக்கு மாற்றிக் கொடுக்க வழியிருக்கிறதா பாருங்கள்.

படி 4: தேவையை வாசலாக வையுங்கள், போட்டியாக வைக்காதீர்கள்

ஏழ்மைக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை முதலில் கைவிடுங்கள். அப்பா இல்லாதவருக்கு 10, அம்மாவும் இல்லாதவருக்கு 15 என்று அட்டவணை போட்டால், பிள்ளைகள் தங்கள் துயரத்தைக் கூட்டிச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். சொல்லக் கூச்சப்படுகிறவர் தோற்றுப்போவார்.

இப்படிச் செய்யுங்கள். ஓர் ஆண்டுப் படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவை எழுதுங்கள்: கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து. அதிலிருந்து குடும்பத்தால் உண்மையில் தர முடிந்ததையும் மற்ற உதவிகளையும் கழியுங்கள். மீதி இருப்பது பள்ளம். பள்ளம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் உள்ளே வரட்டும். உள்ளே வந்தபின் யார் அதிக ஏழை என்ற பேச்சே வேண்டாம்.

வருமானச் சான்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். சான்று போன வருடத்தைச் சொல்கிறது, வேலை போனது போன மாதம். ஒரே வருமானத்தில் மூன்று பேர் சாப்பிடும் வீடும் ஒன்பது பேர் சாப்பிடும் வீடும் ஒன்றல்ல. மருத்துவக் கடன் எந்தச் சான்றிலும் வராது. ஆகவே சான்றோடு, 'உங்கள் குடும்பச் சூழ்நிலையில் சமீபத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா?' என்று ஒரு கேள்வி வையுங்கள். இரண்டு வரி எழுத இடம் விட்டால் போதும். பக்கம் பக்கமாக வறுமையைக் கதை சொல்லவைக்காதீர்கள். ஒரு 18 வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு முன்னால் தன் வீட்டைத் திறந்துகாட்ட வேண்டியிருப்பதே பெரிய வலி.

படி 5: உதவியைப் பார்க்கும் கண்

நேரம் எவ்வளவு ஆனாலும் இந்தப் படியில் ஆகட்டும்.

முதலில் எதெல்லாம் உதவி என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது. படுக்கையில் இருக்கும் தாத்தாவைப் புரட்டிப்போடுவது. மொழி தெரியாத பெற்றோருக்காக மருத்துவரிடம் பேசுவது. கூடப் படிக்கும் பார்வையற்ற நண்பருக்குப் பாடத்தைப் பதிவு செய்து கொடுப்பது. விடுதியில் மனம் உடைந்து அழுத ஒருவரோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பது. இவை எல்லாம் கணக்கில் வரும் என்று அச்சில் பார்த்தால்தான், அந்தப் பென்சில் பெண் தைரியமாக முன்பக்கத்தில் எழுதுவார்.

சில குழுக்கள் 'சொந்த வீட்டு வேலையை எப்படிச் சேவை என்று எடுப்பது?' என்று தயங்கும். எங்கள் குழுவிலும் இந்த விவாதம் நடந்தது. நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது: வசதியான மாணவருக்கு வார இறுதி ஓய்வாகக் கிடைக்கிறது, அதில் அவர் சேவை முகாமுக்குப் போக முடிகிறது. வசதியில்லாதவருக்கு அந்த வார இறுதி வீட்டிலேயே யாருக்கோ போய்விடுகிறது. முன்னதை எண்ணி, பின்னதை விட்டுவிட்டால், ஏழைகளுக்கான உதவித்தொகையில் ஏழைகளே பின்தங்குவார்கள். சரி, முகாமுக்குப் போனவரைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் போதும்.

அந்தத் தராசுக்கு நான்கு கேள்விகள். எவ்வளவு காலமாகச் செய்கிறார்? அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்? உதவி பெற்றவருக்கு என்ன மாறியது? அவர் ஒரு நாள் வராமல் போனால் அங்கே என்ன ஆகும்? நான்காவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய அமைப்பில் ஒருநாள் நின்று படம் எடுத்துக்கொண்டவரையும், டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் அது உடனே பிரித்துக் காட்டிவிடும்.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே கவனம் வேண்டும். 'பேராசிரியர் அல்லது நிறுவனத் தலைவரிடமிருந்து கடிதம்' என்று கேட்டால், பெரிய மனிதர்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். செவிலியர், வாட்ச்மேன், விடுதிச் சமையல்காரர், உதவி பெற்ற அந்த முதியவரே, யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வையுங்கள். எழுதத் தெரியாதவர் செல்பேசியில் குரல் பதிவாக அனுப்பலாம். நாங்கள் கேட்டவற்றில் மிக நம்பகமாக இருந்த சிபாரிசு ஒன்று 40 நொடிக் குரல் பதிவு. 'பிள்ளை வந்தா எனக்கு பயம் போயிடும்' என்று மட்டும் அதில் இருந்தது.

கடைசியாக ஒன்று. உதவித்தொகை பெற்றபின் இத்தனை மணி நேரம் சேவை செய்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். மனசார செய்துகொண்டிருந்ததைக் கடனாக மாற்றிவிடுவீர்கள். அந்த மாணவருக்குத் தேவை மூச்சுவிட நேரம்.

படி 6: படிவம் இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

படிவம் சிக்கலானால் மிகவும் தேவைப்படுகிறவர்களே முதலில் விலகிப்போவார்கள். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, 2012-இல் வெளிவந்தது, இதைத் தெளிவாகக் காட்டியது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு, அங்கேயே உட்காரவைத்துக் கல்லூரி நிதியுதவிப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். பள்ளி இறுதி ஆண்டில் இருந்த பிள்ளைகளில் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்களின் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. தகவல் மட்டும் கொடுத்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. ஆகவே விளம்பரத்தோடு நிறுத்தாமல், படிவம் நிரப்ப உதவும் ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். கேட்டால் எடுத்துச் சொல்ல ஒரு தொலைபேசி எண், வாரத்தில் ஒரு மாலை நேரம், அவ்வளவுதான்.

எங்கள் இப்போதைய படிவத்தில் இருக்கும் முக்கியக் கேள்விகள் இவை. எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள்:

'போன வாரம் திங்கள் முதல் ஞாயிறுவரை உங்கள் நாட்கள் எப்படிப் போயின? காலையிலிருந்து இரவுவரை சுருக்கமாக எழுதுங்கள்.'

'உங்களை நம்பி இருப்பவர்கள் யார்? அவர்களுக்காக என்ன செய்கிறீர்கள்?'

'வாரத்துக்கு 10 மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் அதை என்ன செய்வீர்கள்?'

முதல் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்கிறது. 'நான் சமூகப் பொறுப்புள்ளவன்' என்று யாரும் எழுதிவிடலாம். ஆனால் செவ்வாய் அதிகாலை 4.30-க்கு எழுந்து தண்ணீர் பிடித்து, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, பேருந்தைத் தவறவிட்ட கதையை இட்டுக்கட்டுவது கடினம். நடையையும் எழுத்துப் பிழையையும் பார்க்க மாட்டோம் என்று படிவத்தின் தலைப்பிலேயே போடுங்கள், அப்படியே நடந்தும் கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் என்ற பேச்சே இருக்கக் கூடாது. சான்றுகளை முதல் சுற்றில் கேட்காமல், இறுதிப் பட்டியலில் வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் எல்லோருக்கும் அலைச்சல் மிச்சம்.

படி 7: நாட்காட்டி

நினைவு நாளன்று உதவித்தொகையை வழங்க வேண்டும் என்ற ஆசை எல்லாக் குடும்பத்துக்கும் வரும். நானும் அப்படித்தான் வாதாடினேன். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நினைவு நாளுக்கு மூன்று மாதம் முன்னால் இருந்தால், அந்தக் குடும்பம் அதற்குள் வட்டிக்கு வாங்கிவிடும். கட்டணத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பணம் கட்ட இரண்டு வாரம், சான்று சரிபார்க்க இரண்டு வாரம், தேர்வுக்கு மூன்று வாரம், விண்ணப்பிக்க ஆறு வாரம். ஆக 13 வாரம் முன்னால் அறிவிப்பு வெளியாக வேண்டும். நினைவு நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து, அந்த ஆண்டு மாணவர் எழுதிய கடிதத்தைப் படியுங்கள். அது போதும்.

அறிவிப்பு இணையத்தில் மட்டும் போனால் போதாது. ஆசிரியர்கள், நூலகர்கள், மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள், விடுதிக் காப்பாளர்கள் ஆகியோரிடம் நேரில் சொல்லுங்கள். தானே விண்ணப்பிக்கத் தயங்குகிறவரை அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 8: தேர்வு

குழுவில் ஐந்து பேர் போதும். குடும்பத்திலிருந்து அதிகபட்சம் இருவர். ஒருவராவது இளம் வயதில் இப்படி உதவி பெற்றுப் படித்தவராக இருந்தால் மிக நல்லது. மற்ற நால்வரும் கவனிக்காத ஒன்றை அவர் பார்ப்பார்.

படிப்பதற்கு முன் பெயர், முகவரி, பள்ளியின் பெயர் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். அதற்கப்புறமும் ஒரு பொறி இருக்கிறது. 1920-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாம் தனித்தனியாக மதிப்பிடப்பட்டிருந்தும், ஒன்றில் உயர்ந்தவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் உயர்ந்திருந்தார். ஒரு நல்ல அபிப்பிராயம் மற்றவற்றின்மேலும் வெளிச்சம் பாய்ச்சிவிடுகிறது. நம்மிடமும் அதுவே நடக்கும். அழகாக எழுதியவர் அன்பானவராகவும் தெரிவார்.

இதற்கு வழி, ஒரு விண்ணப்பத்தை முழுதாகப் படித்து மதிப்பெண் போடாமல், எல்லோருடைய முதல் கேள்விக்கான பதிலையும் ஒரே மூச்சில் படித்து மதிப்பெண் போடுவது. பிறகு எல்லோருடைய இரண்டாம் கேள்வி. ஒவ்வொருவரும் தனியாகப் போட்டு முடித்தபிறகுதான் கூடிப் பேச வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள், அதனால் வயதில் சிறியவர் முதலில் பேசட்டும். தேர்வு மதிப்பெண்களைப் பொறுத்தவரை, படிப்பைத் தொடரத் தகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நேர்காணல் வைத்தே ஆக வேண்டும் என்றால் தொலைபேசியில் 20 நிமிடம், மாணவருக்கு வசதியான நேரத்தில். நேரில் வரச்சொன்னால் அவர் ஒரு நாள் கூலியையும், அவரை நம்பியிருப்பவர் ஒரு நாள் துணையையும் இழக்க வேண்டிவரும்.

படி 9: தொகையை நேரமாக மாற்றிப் பாருங்கள்

எவ்வளவு கொடுப்பது? நான் சொல்லும் கணக்கு இது. இந்த மாணவர்களில் பலர் பகுதி நேர வேலைக்கும் போகிறார்கள். வாரத்துக்கு 10 மணி நேரம், ஆண்டில் 40 வாரம் என்றால் 400 மணி நேரம். அந்த 400 மணி நேரத்துக்கு அவர் வாங்கும் கூலியைப் பெருக்கிப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் தொகை அதற்குச் சமமாக இருந்தால், ஓர் ஆண்டு முழுதும் வாரம் 10 மணி நேரத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கிறீர்கள். பாதிதான் முடியும் என்றால் 5 மணி நேரம். இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகக் கொடுப்பதா, ஒருவருக்கு முழுதாகக் கொடுப்பதா என்ற வாக்குவாதம் வரும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

கட்டணப் பங்கை நேராகக் கல்லூரிக்கும், வாழ்க்கைச் செலவுப் பங்கை மாணவரின் வங்கிக் கணக்குக்கும் அனுப்பலாம். 'நீங்கள் முதலில் கட்டிவிட்டு ரசீது அனுப்புங்கள், திருப்பித் தருகிறோம்' என்ற முறை வேண்டவே வேண்டாம். முதலில் கட்டப் பணம் இருந்தால் அவர் ஏன் விண்ணப்பிக்கிறார்?

ஓர் ஆண்டு கொடுத்து நிறுத்துவதைவிடப் படிப்பு முடியும்வரை கொடுப்பது நல்லது. முதலாண்டில் சேர்த்துவிட்டு இரண்டாமாண்டில் கைவிட்டால், கடனோடு பாதியில் நிற்பார். தொடர்வதற்கான நிபந்தனை 'அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்' என்ற அளவில் இருக்கட்டும். தவறினால் உடனே நிறுத்தாமல் ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள். யாரையோ பார்த்துக்கொள்கிற மாணவருக்கு, அவர் பார்த்துக்கொள்கிறவரின் உடல்நிலைதான் தேர்வு முடிவைத் தீர்மானிக்கிறது. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள். உடைந்த மடிக்கணினி, திடீர் பயணம், மருத்துவச் செலவு என்று கேட்டால், கூட்டம் போடாமல் ஒருவரே ஒப்புதல் கொடுத்து மூன்று நாளில் அனுப்பும்படி விதி இருக்கட்டும்.

மேடை, மாலை, ஆளுயரக் காசோலை, புகைப்படம் எதுவும் வேண்டாம். அந்தப் படம் இணையத்தில் வாழ்நாள் முழுதும் அவர் பின்னால் வரும். படமோ பெயரோ வெளியிட வேண்டுமானால் தனியாகச் சம்மதம் கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் தொகை கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 10: கிடைக்காதவர்களுக்கு

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 31 பேர் விண்ணப்பித்து இருவருக்குக் கிடைத்தால், 29 பேர் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். மௌனமாக விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியதிலிருந்து ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதுங்கள். 'உங்கள் தங்கைக்கு நீங்கள் கணக்குச் சொல்லித்தருவதைப் படித்தோம். இந்த ஆண்டு எங்களிடம் இருவருக்குத்தான் தொகை இருந்தது. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம், பழைய விவரங்களை மீண்டும் எழுத வேண்டாம்.' முடிந்தால் வேறு இரண்டு உதவித்தொகைகளின் விவரமும் சேர்த்து அனுப்புங்கள். 29 கடிதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

படி 11: விதிகளைத் திருத்த ஒரு கதவு

பிரிட்டிஷ்காரரான செசில் ரோட்ஸ் 1902-இல் இறந்தார். அவருடைய உயிலின்படி உருவான புகழ்பெற்ற உதவித்தொகை ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதைத் திருத்தப் பிரிட்டனில் சட்டம் வர வேண்டியிருந்தது. முதல் பெண் மாணவர்கள் சேர்ந்தது 1977-இல்தான். உயிலில் எழுதிய ஒரு சொல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கதவை அடைத்து வைத்திருந்தது.

உங்கள் ஆவணத்தில் இப்படி ஒரு பத்தி சேருங்கள்: 'இந்த நிதியின் நோக்கம் முதல் பக்கத்தில் உள்ள வரி. அந்த நோக்கத்துக்கு உட்பட்டு, தகுதி, தொகை, படிப்பு வகை ஆகிய விதிகளைக் குழுவின் ஐந்தில் நான்கு உறுப்பினர்களின் சம்மதத்தோடு திருத்தலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா விதிகளையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.' நிதி மிகச் சுருங்கிவிட்டால் மீதியை எந்த அமைப்பிடம் ஒப்படைப்பது என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போடுமுன் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது அவசியம்.

முதல் ஆண்டு முடிந்ததும் ஒரு கோப்பு போடுங்கள். அதில் அந்த ஒரு வரி, படிவம், மதிப்பெண் தாள்கள், வந்த புகார்கள், எங்கே தவறினோம் என்ற குறிப்பு எல்லாம் இருக்கட்டும். மாணவர்களின் சொந்த விவரங்களை மட்டும் எத்தனை ஆண்டில் அழிப்பது என்று தேதி போட்டு, அந்தத் தேதியில் அழித்துவிடுங்கள். எங்கள் கோப்பின் முதல் தாள் பழைய வெற்றுப் படிவம். அதன் பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம்: 'தாளைத் திருப்பிப் பார்க்கவும்.' புதிதாகக் குழுவுக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கொடுக்கிறோம்.